எட்டு மூட்டைக் கருவாட்டு உப்பு

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் கருவாட்டு உப்பைக் கொட்டியவன் நான்தான். இதைச் சங்கக் கூட்டத்தில் நான் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. கூட்டக் குறிப்பேட்டில் 'இயற்கைக் காரணங்களால் நீர் கலங்கியது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தபின் இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத ஒருவன் நீச்சல் குளப் பொறுப்பாளராக எப்படி ஆனான் என்றால், பொறுப்புகளைப் பங்கிட்ட கூட்டத்துக்கு நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பந்தியில் தாமதமாக உட்காருகிறவனுக்கு ரசம் மிஞ்சுவதைப் போல எனக்குக் குளம் மிஞ்சியது.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற வழியில் இருக்கிறோம். மழைக்காலத்தில் தெருவே குளமாகிவிடும் பகுதியில் தனியாக ஒரு குளம் எதற்கு என்று வீடு வாங்கும்போதே என் மனைவி கேட்டாள். விளம்பரத் தாளில் 'உப்புநீர் நீச்சல் குளம்' என்று போட்டிருந்தார்கள். கடல்நீரைக் குழாய் போட்டுக் கொண்டுவரப் போகிறார்கள் என்று நம்பி முன்பணம் கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. உண்மை அவ்வளவு பெரிதல்ல. தண்ணீரில் லேசாக உப்பு கரைந்திருக்கும். வாயில் பட்டால் கண்ணீரைவிடக் குறைவாகவே கரிக்கும். பம்ப் அறையில் குழாயோடு குழாயாக சால்ட் செல் என்று ஒரு சாதனம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் தகடுகளில் மின்சாரம் பாய்ந்தால், அந்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாகும். கிருமி சாகும், தண்ணீர் தெளிவாக இருக்கும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். என் தொல்லைகள் அனைத்தும் படித்துத் தெரிந்துகொண்டதில்தான் தொடங்கும்.

மே மாதம். வெயிலில் குளத்து நீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கியது. ஆழ்துளைக் கிணறு காற்றை இறைக்க ஆரம்பித்திருந்ததால் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்புக்கே ஒத்துக்கொள்ளாத தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, செல்லின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உப்பு குறைவு என்று அதற்குப் பொருள்.

குளத்தைப் பராமரிப்பவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருவார். அந்த வாரம் ஊர்த் திருவிழா என்று லீவு போட்டிருந்தார். போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம். "திங்கக்கெழமை இல்ல சார், அதுக்கு அடுத்த திங்கக்கெழமை வரேன். வந்து பாத்துக்கறேன். அதுவரிக்கும் நீ எதையும் கொட்டாத சார்" என்றார்.

வீட்டில் இன்னொருவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். என் மாமனார். எழுபத்தாறு வயது. மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். மாமியார் காலமானபின் எங்களோடு இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. முழங்கால் வலிக்குத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்குக் குளத்துக்குப் போவார். செருப்பை ஜோடியாக விடுவார். துண்டை நான்காக மடித்துக் கரையில் வைப்பார். காது மெஷினைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டின்மேல் வைப்பார். பிறகு இறங்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருபது நடை. ஆறரைக்குக் காபி. பணிமனைச் சங்கு ஓய்ந்து பல வருஷமாகியும் அவருக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

விளக்கு விஷயத்தைக் கேட்டதும் அவர், "விளக்கு எரிஞ்சா முதல்ல விளக்கைச் சந்தேகப்படணும் மாப்ள. அந்த செல்லைக் கழட்டிப் பாருங்க" என்றார். சரி மாமா என்றேன். அன்று மாலையே அவர் நாவலூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு வாரம் தங்கப் போய்விட்டார். ரயில் பெட்டியைப் பழுதுபார்த்தவருக்கு நீச்சல் குள வேதியியல் எங்கே தெரியப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் உப்பைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே படித்தவன். உப்பினால் சாம்ராஜ்யங்கள் விழுந்த கதை அதில் விரிவாக இருந்தது. உப்பு குளத்தில் விழுந்தால் என்னாகும் என்பது இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கக் கோவளம் போனேன். வழியில் உப்பளங்களில் குவியல் குவியலாக உப்பு கிடந்தது. ரசாயனம் சேராத, இயற்கையான உப்பு கண்ணெதிரே இருக்கும்போது கடையில் விற்கும் பூல் சால்ட் எதற்கு என்று தோன்றியது. வழக்கமாக மீன் வாங்கும் அம்மாளிடம், மொத்தமாக உப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

"இன்னாத்துக்குண்ணா? கருவாடு போடப் போறியா?"

"இல்லக்கா, குளத்துக்கு."

"கொளத்துல மீன் வளக்கிறியா?"

"மீன் இல்லக்கா. மனுஷங்க குளிக்கிற குளம்."

கையிலிருந்த சங்கரா மீனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நண்டு விற்றுக்கொண்டிருந்தவளிடம், "கேட்டியாக்கா, மன்சாளுக்கு உப்பு போடப் போறாராம்" என்றாள்.

"ஊற வச்சிக் காய வப்பாங்க போல" என்றாள் நண்டுக்காரி, தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்மாளின் கொழுந்தன் கருவாட்டுக்காக வைத்திருந்த உப்பு, ஒரு கொட்டகையில் மூட்டை மூட்டையாக இருந்தது. எட்டு மூட்டை எடுத்துக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றினேன். உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது, அங்கங்கே களிமண் கட்டி தெரிந்தது. தாதுச்சத்து என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை, பகல் செக்யூரிட்டியும் நானுமாக எட்டு மூட்டையையும் குளத்தைச் சுற்றிவந்து கொட்டினோம். செக்யூரிட்டி பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயது. கடைசி மூட்டையை உதறும்போது, "சார், நெத்திலி வாசனை வருது சார்" என்றார். கடலின் வாசனை என்று நான் திருத்தினேன்.

குளத்தில் இறங்க ஐந்து படிகள். அடியில், நடுமத்தியில், தண்ணீர் வெளியேறும் துவாரத்தின்மேல் தட்டு அளவில் ஒரு வெள்ளை மூடி இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்த மூடி தெரியவில்லை. புதன்கிழமை நான்காவது படி தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது குளம். சிவப்பு விளக்கு அணையவும் இல்லை. எட்டு மூட்டை உப்பைக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பதுபோல அது எரிந்துகொண்டிருந்தது.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வர ஆரம்பித்தன. புதன்கிழமை மாலை நான் உட்கார்ந்து ஒரு செய்தி எழுதினேன். உப்பு கரையும் காலத்தில் தண்ணீர் மங்கலாக இருப்பது இயல்பே என்றும், இதனால் ஆபத்து எதுவுமில்லை என்றும், குடியிருப்போர் வழக்கம்போல் குளத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அதில் இருந்தது. நல்ல நடை. இரண்டு முறை திருத்தி எழுதினேன். அதில் ஒரு வரிகூட எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததல்ல. பிள்ளைகளை அவரவர் வீட்டில் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரும் வகுப்பை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார். என் படிப்பின்மேல் அவர்களுக்கு நம்பிக்கையில்லை என்பது அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது படி மங்கியது. போட்டோ எடுத்துப் பராமரிப்பவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். இந்தத் தடவை மேளம் இல்லை. மேளத்தை விட்டு எட்டப் போய்ப் பேசியிருக்கிறார்.

"இன்னா சார் கொட்டின?"

சொன்னேன்.

"சார், அத்த அப்பால பாத்துக்கலாம். இப்ப நான் சொல்றத மட்டும் கேளு. அடி தெரியாத தண்ணில எவனையும் எறக்காத. உள்ள ஒருத்தன் மாட்னா மேல இருக்கறவனுக்குத் தெரியாது. கேட்டப் பூட்டு. இன்னிக்கே பூட்டு சார்."

குளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி உண்டு, அதில் ஒரு கேட். பூட்டு என் மேஜை டிராயரிலேயே இருந்தது. பூட்டினால் பலகை மாட்ட வேண்டும். பலகையில் காரணம் எழுத வேண்டும். புதன்கிழமை ஆபத்தில்லை என்று எழுதியவன் வெள்ளிக்கிழமை ஆபத்து என்று எழுத வேண்டும். யாரும்தான் இறங்குவதில்லையே, திங்கட்கிழமை அவரே வந்துவிடுவாரே என்று சமாதானம் செய்துகொண்டு, டிராயரைச் சாத்தினேன். அன்றிலிருந்து பயம் வந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கீழே போய் வேலிக்கு வெளியே நின்று அந்தத் தண்ணீரைப் பார்ப்பேன். மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் வட்டமடிக்கும். அதன் நிழல்கூட அந்தத் தண்ணீருக்குள் இறங்காமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீர் உள்ளே ஏதோ இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. எனக்கு மட்டும் இருக்கிறது என்றே தோன்றும்.

சனிக்கிழமை இரவு, சாப்பாட்டு நேரத்துக்கு, மாமனார் நாவலூரிலிருந்து திரும்பி வந்தார். இட்லியைப் பிட்டுக்கொண்டே, விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் மாமா என்றேன். அது உண்மைதான். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். குளத்தில் இறங்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் உப்பு. உப்பு என்றால், செல்லைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்னியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை எழுப்பியது என் மனைவியின் குரல்.

"ஏங்க, மணி ஏழாகப்போகுது. அப்பா இன்னும் காபிக்கு வரலை."

ஆறரை என்றால் ஆறரைக்கு வருகிற மனிதர். நான் கட்டிய லுங்கியும் பனியனுமாக வெளியே வந்தேன். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. காத்திருக்க முடியவில்லை. மூன்று மாடியையும் படியில் இறங்கினேன். இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலிக் கேட் திறந்திருந்தது. கரையில் செருப்பு ஜோடியாக இருந்தது. துண்டு நான்காக மடித்திருந்தது. துண்டின்மேல் டப்பா. திறந்து பார்த்தேன். காது மெஷின் உள்ளே இருந்தது.

அவர் இல்லை.

தண்ணீர் அசையவே இல்லை. வழக்கமாகக் காலையில் பம்ப் ஓடும். பக்கவாட்டில் தண்ணீர் வந்து விழுகிற சத்தம் கேட்டபடி இருக்கும். அன்று அதுவும் இல்லை. ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியதுபோலக் கிடந்தது குளம். முதல் படி தெரிந்தது. இரண்டாவது படி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

மாமா என்று கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். காது என் கையில் டப்பாவுக்குள் இருக்கும்போது யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று தோன்றியும் நிறுத்த முடியவில்லை. குளத்தை ஒட்டிய கழிவறையை ஓடிப்போய்ப் பார்த்தேன். காலி. செடிகளுக்குப் பின்னால் பார்த்தேன். பம்ப் அறையின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. சத்தம் கேட்டுப் பகல் செக்யூரிட்டி ஓடி வந்தார். பெரியவர் வெளியே போனாரா என்று கேட்டேன்.

"நான் ட்யூட்டி மாத்தி அரை மணிதான் சார் ஆச்சு. கேட்டத் தாண்டி யாரும் போவல." அவரும் செருப்பைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "சார்" என்றார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார். உங்களுக்கு?"

"போன் பண்ணுங்க."

"யாருக்கு சார்?"

"யாருக்காவது" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.

முதல் படி. பிறகு கால் தடவிக் கண்டுபிடித்த இரண்டாவது படி. முழங்கால் தண்ணீருக்குள் போனதும் காணாமல் போயிற்று. லுங்கி காற்றடைத்து என்னைச் சுற்றி மேலே எழுந்து மிதந்தது. அதை அமுக்கிக்கொண்டு நடந்தேன். என் உடம்பு இடுப்போடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் என்னைக் கேட்காமல் எதையோ தேடிக்கொண்டிருந்தன. ஆழம் இந்தப் பக்கம் நான்கு அடி, அந்தப் பக்கம் ஐந்து. ஐந்தடித் தண்ணீரில் ஆள் நிற்கலாம். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவன் நிற்க மாட்டான். ஸ்டென்ட் வைத்த அன்று டாக்டர் என்னிடம் சொன்னவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு கோடிக்குப் போய், ஓரடி தள்ளி, திரும்பி வந்தேன். ஒவ்வோர் அடியும் மெதுவாக, பாதத்தால் தரையைத் தடவி. எதன்மேலும் கால் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, கால் படுவதற்காகவே நடந்தேன். எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டது மனசு. ஆறு மணிக்கு இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம். கணக்கை நிறுத்தினால் அந்தச் செய்தி வந்தது. 'இதனால் ஆபத்து எதுவுமில்லை.' அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார். ஒரு வாரம் ஊரில் இல்லாதவருக்கு வேறென்ன தெரியும்? மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று இறங்கியிருப்பார். மாடியில் என் மனைவி காபியை மறுபடி சூடு பண்ணிக்கொண்டிருப்பாள். அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? வாழ்நாள் முழுக்க வார்த்தைகளை வைத்துப் பிழைத்தவனுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

செக்யூரிட்டி, இலை அள்ளும் வலைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கரையிலிருந்தே தண்ணீருக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்திருந்தார். மெதுவாகச் செய்யுங்கள், குத்திவிடாதீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு யாருடையதோ போல இருந்தது.

"சார்." கம்பு நின்றது. "இங்க ஏதோ கீது சார்."

"எங்க?"

"உங்களுக்கு லெஃப்ட்ல. ரெண்டு அடி. மெத்துனு கீது சார்."

நான் நகரவில்லை. நகர வேண்டும் என்று தெரிந்தது. அந்த இரண்டு அடியைக் கடக்காதவரை எதுவும் நடந்திருக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டால், நாள் முழுக்க நின்றால், எதுவுமே நடந்திருக்காது. பிறகு எப்படியோ இடது கால் போயிற்று.

பட்டது. உருண்டையாக, மெத்தென்று, ஒரு கை கனத்தில். நான் தொட்டதும் அது மெல்ல உருண்டு, என் கணுக்கால்மேல் வந்து சாய்ந்தது.

என்ன சத்தம் போட்டேனோ தெரியாது. நான்காவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. குனிந்தால்தான் அதை எடுக்க முடியும். குனிந்தால் தலை தண்ணீருக்குள் போகும். ஐம்பத்து மூன்று வயதுவரை நான் தண்ணீருக்குள் தலையை விட்டதில்லை. மூக்கைப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, குனிந்துவிட்டேன். கண்ணைத் திறந்தேன். எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. வாயில் கருவாட்டு ருசி. கையை நீட்டிப் பிடித்தேன். பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. எந்த மனிதக் கையும் அவ்வளவு நீளமிருக்காது. நீல நிறத்தில், வளையம் வளையமாக. குளத்தின் அடியில் படியும் அழுக்கை உறிஞ்சுகிற குழாய். திருவிழா அவசரத்தில் பராமரிப்பவர் அதை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உப்பு கொட்டிய அன்று அது என் கண்ணில் பட்டும் இருக்கிறது, மறந்துவிட்டேன். அந்தக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நான் இருமினேன். இருமலுக்கு நடுவே அழவும் செய்தேன் என்று பின்பு செக்யூரிட்டி பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"மாப்ள."

பம்ப் அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"என்ன தேடுறீங்க?"

"உங்களைத்தான் மாமா."

"என்னது?"

"உங்களை."

காதைக் காட்டிக் கையை ஆட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டின் பக்கத்தில் டப்பாவைத் தேடினார். அது என் லுங்கி மடிப்பில் இருந்தது. நான் அதோடுதான் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறேன். டப்பா நல்ல டப்பா. தண்ணீர் போகவில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமில்ல மாமா. காபிக்கு நேரமாச்சு" என்றேன்.

நடந்தது இதுதான். ஆறு மணிக்கு வந்தவர் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, முதல் படியில் காலை வைக்கப் போய், குனிந்து பார்த்திருக்கிறார். எருமை இறங்குகிற தண்ணீர் மாதிரி இருந்ததாம். காலை எடுத்துக்கொண்டார். அப்போது இருந்த இரவுச் செக்யூரிட்டியிடம் பம்ப் அறைச் சாவியை வாங்கினார். உள்ளே தரை ஈரமாக இருக்கும் என்பதால் செருப்பைப் போடவில்லை. பம்பை நிறுத்தி, செல்லைக் கழற்றியிருக்கிறார். தகடுகளுக்கு நடுவே, வெந்நீர்க் கெண்டியின் அடியில் படிவதுபோல வெள்ளையாகச் சுண்ணாம்பு இறுகிக் கிடந்தது. லாரித் தண்ணீரின் வேலை. குளத்தில் உப்பு முதலிலேயே போதுமான அளவு இருந்தது. சுண்ணாம்பு மூடிய தகட்டுக்குத்தான் அது தெரியவில்லை. வாளித் தண்ணீரில் அங்கிருந்த ஆசிட்டைக் கொஞ்சம் விட்டு, அதில் செல்லை ஊறப்போட்டு, பொங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம், நான் இருந்த இடத்திலிருந்து பதினைந்தடி தூரத்தில். பம்ப் அறைக் கதவைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பூட்டை எடுத்துவந்து கேட்டைப் பூட்டினேன். பலகையும் மாட்டினேன். அவசரத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. என் மனைவியிடம் அன்று பாதியும் மறுநாள் மீதியுமாகச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அவள் அப்பாவின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை பராமரிப்பவர் வந்தார். பாதித் தண்ணீரை வெளியேற்றி, மறுபடி நிரப்பி, மணல் ஃபில்டரைத் திரும்பத் திரும்பக் கழுவி, அடியில் படிந்த களிமண்ணை அந்த நீலக் குழாயாலேயே உறிஞ்சி எடுத்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படியாகத் தெரிய வந்தது. அடுத்த சனிக்கிழமை அடியில் இருந்த வெள்ளை மூடி தெரிந்தது. அதிலிருந்த திருகாணிகளைக்கூட எண்ணலாம்போல இருந்தது. நான் எண்ணினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாமனார் இறங்கத் தயாரானபோது நானும் கூடப் போனேன். கரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மெஷினைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, ஒரு வாரமாக மனசில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்தேன். பூட்டச் சொல்லியும் பூட்டாமல் விட்டதையும், அவர் திரும்பி வந்த இரவே அவரிடம் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும்விட அந்தச் செய்திதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது, மாமா, என்றேன். ஆபத்தில்லை என்று குரூப்பில் நான் எழுதியதை நம்பி நீங்கள் இறங்கியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

"எந்த மெசேஜ் மாப்ள? நீங்க எழுதுறது ரொம்ப நீளமா இருக்குன்னு அந்த குரூப்பை நான் மூடி வச்சு ஒரு வருஷம் ஆகுதே."